கழுத்தில் நின்ற துளி

அத்தியாயம் 14

மெர்லிண்டா காலைக் காபி குடிக்காமல் கிளம்பினாள் என்றால் அன்றைக்கு ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்று அர்த்தம். கல்யாணத்தன்று அப்படித்தான் கிளம்பினாள். பரீட்சை முடிவு வந்த அன்றும் அப்படித்தான். காபி விளையும் பதங்காஸ் மண்ணில் பிறந்தவளுக்குக் காபி இறங்கவில்லை என்றால் வயிற்றில் வேறு எதுவோ நிறைந்திருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

இன்று நிறைந்திருந்தது மிசஸ் விலருவெல்லின் வருகை.

போன வாரம் தொலைபேசியில் கறாராகப் பேசினாரே, மணிலாவின் பெரிய குளிர்பானக் கம்பெனியில் தரம் பார்க்கும் அதிகாரி, அவரேதான். அவர் வந்து பார்த்துத் தலையசைத்தால் பனாலிகன் குடும்பத்து ஆலை பிழைக்கும். உதட்டைப் பிதுக்கினால் ஆலையை விற்றுவிடுவது என்று ஈஸ்டர் விருந்தில் பேசி முடிவாகிவிட்டது. வாங்குவதற்கு ஆளும் தயாராக இருந்தான். முடிவைச் சொன்னது அண்ணன் அர்சிங். 'சரி' என்றது அம்மா. 'நான் ஜெயித்துக் காட்டுகிறேன்' என்றது மெர்லிண்டா.

எதில் ஜெயிக்க வேண்டும்? தலந்தான் ஆரஞ்சின் தோலில் இருந்து எடுத்த எண்ணெயைத் தண்ணீரில் கலந்து, கலந்தது கலந்தபடியே பாட்டிலில் மாதக்கணக்கில் நிற்க வைப்பதுதான் இந்தக் குடும்பத்தின் பிழைப்பு. ஆலையில் அதை எமல்ஷன் என்பார்கள். பார்ப்பதற்குப் பால் போல இருக்கும். அதில் கொஞ்சம் விட்டால்தான் பாட்டில் பானத்துக்கு ஆரஞ்சின் மணமும் கலங்கலான அந்த அழகும் வரும். ஆனால் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை. கொஞ்சம் அசந்தால் எண்ணெய் மேலே ஏறி, பாட்டிலின் கழுத்தில் வெளிறிய வளையமாகக் குந்திக்கொள்ளும். வளையத்தைப் பார்த்த கடைக்காரன் பெட்டியோடு திருப்பி அனுப்புவான்.

மெர்லிண்டாவின் அப்பா மாங் இசியோ, வேலம்பிசினையும் பைன் மரப் பிசினையும் வைத்து அந்த எண்ணெயை அடக்கியவர். அவர் சோதனைக்கு வைத்த பாட்டில்கள் ஒரு வருஷம் நின்றும் வளையம் போடவில்லை என்பது தனவான் ஊர்ச் சந்தைக்கே தெரிந்த கதை. அவர் போனபிறகு வந்தவர்கள் மலிவான சரக்கைப் போட்டு, இருந்த பெயரையும் கெடுத்தார்கள். மெர்லிண்டா படிப்பை முடித்து வந்து அப்பாவின் செய்முறையையே திரும்பக் கையில் எடுத்தாள். கிறிஸ்துமஸ் தோரணங்களைக் கழற்றிய வாரத்தில் போட்ட சரக்கு, பாட்டில்களில் அடைபட்டு, தகரக் கூரை போட்ட சோதனை அறையின் அலமாரியில் இரண்டு வரிசையாக நின்றது. மேல் வரிசை கண் மட்டத்துக்கு. கீழ் வரிசை தரையை ஒட்டி.

அந்தப் பாட்டில்களை யாரும் தொடக்கூடாது. துடைக்கக்கூடாது. பக்கத்தில் நின்று பலமாகத் தும்மினாலும் மெர்லிண்டா முறைப்பாள். தொடாமல் நின்றால்தான் அது சோதனை.

இதுவரை ஒரு பாட்டிலிலும் வளையம் இல்லை. தினமும் காலையில் பார்ப்பாள். தினமும் இரவு சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கணவன் டொமெங்கிடம் சொல்லுவாள். அவனும் மீனை ஆய்ந்துகொண்டே தலையாட்டுவான்.

இன்று அறையைத் திறந்ததும் அவள் முகம் மலர்ந்தது. மேல் வரிசை முழுக்க ஒரே சீராக, இளம் ஆரஞ்சு நிறத்தில் நின்றது. டார்ச்சைப் பாட்டிலுக்குப் பின்னால் பிடித்துக் கழுத்தைப் பார்த்தாள். சுத்தம். அடுத்தது. அதுவும் சுத்தம். மிசஸ் விலருவெல்லின் முகத்தைக் கற்பனை செய்துகொண்டே மூன்றாவது பாட்டிலுக்குப் போனவளின் கை அப்படியே நின்றது.

பானம் நிற்கிற மட்டத்துக்கு மேலே, மூடிக்குக் கீழே, கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது.

வெயிலுக்கு ஆவி படிந்து வேர்க்கும்தான். ஆனால் அந்த வேர்வை வெறும் தண்ணீர், அதற்கு நிறம் இருக்காது. இந்தத் துளி ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. மாதக்கணக்காக அசையாத பாட்டிலில் பானம் தானாகக் கழுத்துக்கு ஏறாது. பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் மட்டும்தான் ஏறும். அதுவும் சற்று முன்னால் நிமிர்த்தியிருந்தால்தான் துளி இன்னும் வழியாமல் தொங்கும்.

திரும்ப முதல் பாட்டிலுக்கு வந்தாள். அங்கேயும் இரண்டு துளிகள். வளையத்தை மட்டும் தேடிய கண்ணுக்கு முதலில் படவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு முன்னால் ஆலையில் வேலைக்கு வருகிறவன் ஒரே ஒருத்தன். மெஷினைச் சூடாக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு விடியுமுன் கிளம்புகிறவன். பாவம் பசிக்குமே என்று பூண்டுச் சோறும் கருவாடும் கட்டிக்கொடுத்து அனுப்பியது அவளேதான்.

டொமெங் மெஷின் கொட்டகையில் எண்ணெய்த் துணியோடு நின்றிருந்தான். எண்ணெயைப் பெரும் அழுத்தத்தில் ஊசிமுனை இடுக்கு வழியாகத் தள்ளிப் பொடிப்பொடியாக உடைக்கிற மெஷின் அது. மாமனார் வாங்கியது. அவன்தான் பார்த்துக்கொள்கிறான்.

"டொமெங், அலமாரியத் தொட்டியா?"

"எந்த அலமாரி?"

"நம்ம வீட்டுத் துணி அலமாரியப் பத்தி விசாரிக்கத்தான் இப்படி மூச்சு வாங்க ஓடி வந்திருக்கேனாக்கும்."

அவன் துணியை மடித்தான். மடித்ததைப் பிரித்தான். பொய் சொல்லத் தெரியாதவன் என்று நம்பித்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். இப்போதும் அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. சொல்லாமல் இருக்கத்தான் அருமையாகத் தெரிந்திருக்கிறது.

"வளையம் வந்துச்சு மெர்லி," என்றான். "மெல்லிசா. நூல் மாதிரி. மொதல்ல ஒரு பாட்டில்லதான். கவுத்து நிமித்துனேன், கரைஞ்சு போயிடுச்சு. சரி, இதோட போச்சுன்னு நெனச்சேன்."

"எப்ப?"

"புனித வாரத்துக்கு முன்னாடி."

"அப்பலேருந்து?"

"தெனமும். நீ வர்றதுக்குள்ள."

மெர்லிண்டா தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது வெட்கம். தினமும் அந்தப் பாட்டில்களைப் பார்த்துப் பூரித்த தன் முகத்தை நினைத்து வெட்கம். இவன் செய்து வைத்த வேஷத்தைப் பார்த்து இவனிடமே பெருமையடித்திருக்கிறாள்.

"ஏன் வந்துச்சு? அளவெல்லாம் நானே நின்னு போட்டேன். பிசின் சரி, எண்ணெய் சரி. ரெண்டு ஓட்டம் ஓட்டினா வரவே வராதே."

டொமெங் எண்ணெய்த் துணியை மறுபடி மடித்தான்.

"ரெண்டு ஓட்டம் ஓட்டினதான?"

முதல் ஓட்டத்தில் எண்ணெய்த் துளிகள் உடையும். உடைந்தவை மறுபடி ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும். இரண்டாவது ஓட்டம் அந்தக் கும்பலைக் கலைக்கத்தான். அது இல்லாவிட்டால் செய்த வேலை பாதிதான். கொட்டகையில் தரை பெருக்குகிற பெண்ணுக்குக்கூட இது தெரியும்.

"ஒண்ணுதான்," என்றான் டொமெங். "வால்வு தேஞ்சு போச்சு. ரெண்டாவது ஓட்டத்துல அழுத்தமே ஏறல. அர்சிங் குயா கிட்ட சொன்னேன். புது வால்வு ஜெர்மனிலேருந்து வரணும், அதுக்கு எங்க போறது, இருக்கிறத வச்சு முடி, மெர்லி கிட்ட மூச்சு விடாதன்னாரு."

"அவர் சொன்னா?"

"உங்க வீட்டு ஆலைல நான் ஒரு வேலைக்காரன். அவர் மொதலாளி. நான் என்ன பண்ண?"

"நீ எனக்கு வேலைக்காரனா டொமெங்? ராத்திரி பக்கத்துல படுத்தது வேலைக்காரனா?"

அந்த நேரம் பார்த்து அண்ணன் அர்சிங் உள்ளே வந்தான். தேய்த்த சட்டை, வாசனைத் தைலம், கையில் விருந்தாளிக்கு வாங்கிய வெண்ணெய் ரொட்டிப் பெட்டி. குடும்பத்தில் இழவு விழுந்தாலும் அர்சிங்கின் சட்டை கசங்காது.

"என்ன காலங்காத்தால புருஷன் பொண்டாட்டி பஞ்சாயத்து? மேம் டோல்கேட் தாண்டிட்டாங்களாம். மூஞ்சியத் தொடச்சுக்க."

"உனக்கும் தெரியுமா குயா? பாட்டில் கதை?"

அர்சிங் மைத்துனனை ஒரு பார்வை பார்த்தான். டொமெங் தலையைக் குனிந்துகொண்டான். பதில் அதிலேயே இருந்தது.

"பாட்டிலத் திருப்பி வச்சா அது என்ன கொலக் குத்தமா?" என்றான் அர்சிங். "கடைக்காரன் திருப்ப மாட்டானா? லாரில குலுங்காதா? குடிக்கிறவன் ஒரு ஆட்டு ஆட்டிட்டுத்தான குடிக்கிறான்? நாம அத கொஞ்சம் முன்னாடியே ஆட்டிட்டோம்."

"சோதனைக்கு வச்சதுடா அது!"

"டா போடுறியா? சரி, போடு. கத்து, அழு, எல்லாத்தையும் மேம் கெளம்பினப்புறம் வச்சுக்க. ஆர்டர் கைக்கு வரட்டும். வால்வு மாத்தித் தர்றேன். ரெண்டு ஓட்டம் என்ன, நாலு ஓட்டம் ஓட்டிக்க. யாரு வேணாங்கறா? இதெல்லாம் உனக்காகத்தான பண்ணோம்."

"எனக்காகவா?"

"பின்ன? ஜெயிச்சுக் காட்டறேன்னது யாரு?"

வெளியே கார் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

மிசஸ் விலருவெல் வெண்ணெய் ரொட்டியைத் தொடவில்லை. தண்ணீர்கூட வேண்டாம் என்றார். நேராகச் சோதனை அறைக்குப் போனார். மேல் வரிசையில் ஒவ்வொரு பாட்டிலாக, கையால் தொடாமல், சின்ன விளக்கைப் பின்னால் பிடித்துக் கழுத்தைப் பார்த்தார், அடியைப் பார்த்தார். கீழ் வரிசைக்கு முட்டி மடக்கி உட்கார்ந்தே பார்த்தார். அதற்குள் வெயில் ஏறி, மேல் வரிசைத் துளிகள் வழிந்து பானத்தோடு கலந்திருந்தன. மெர்லிண்டா சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டொமெங் வாசலில் நின்றான். அர்சிங் எல்லா இடத்திலும் நின்றான்.

"அழகா இருக்கு," என்றார் அந்த அம்மாள் எழுந்து. "ரொம்ப நாளைக்கப்புறம் இவ்வளவு அழகா ஒரு வரிசை பாக்கறேன்."

அர்சிங்கின் பல் வரிசையும் அழகாகத் தெரிந்தது.

"ஒரே ஒரு கேள்வி. இத நான் எல்லா எடத்துலயும் கேப்பேன். தப்பா நெனக்காதீங்க. வச்ச நாள்லேருந்து இத யாரும் தொடலையே?"

"ஈ கூட உக்காரல மேம்!" என்றான் அர்சிங்.

"நான் உங்க தங்கச்சியக் கேட்டேன்."

மெர்லிண்டா அண்ணனையும் கணவனையும் பார்த்தாள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆலை கையில் இருக்கும். கொட்டகையில் வேலை செய்கிற பெண்களுக்குச் சம்பளம் இருக்கும். அண்ணனும் கணவனும் அவளைப் பார்க்கவில்லை, அவளுடைய வாயைப் பார்த்தார்கள். அவர்கள் இத்தனை நாள் அவளுக்குச் செய்ததை அவள் இப்போது இந்த அம்மாளுக்குச் செய்ய வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

"தொட்டிருக்காங்க மேம்," என்றாள்.

அர்சிங் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான்.

"வளையம் வந்திருக்கு. எங்க வீட்டு ஆளே திருப்பித் திருப்பி வச்சு மறைச்சிருக்காங்க. எனக்கு இன்னைக்குக் காலைலதான் தெரியும். இந்தச் சரக்கு ஒரு ஓட்டம்தான் ஓடியிருக்கு. இது சோதனையே இல்ல."

மிசஸ் விலருவெல் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் சொல்றீங்க? எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"உங்க லாரில ஏறி, மழை வர்றதுக்குள்ள தெரிஞ்சிருக்கும் மேம். அப்ப உங்க பாட்டில்ல எங்க வளையம் இருக்கும்."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"செய்முறைல தப்பு இல்ல," என்றாள் மெர்லிண்டா. குரல் இப்போதுதான் அவளுக்கே கேட்டது. "அது எங்கப்பாவோடது. ஒழுங்கா ரெண்டு ஓட்டம் ஓட்டினா நிக்கும். அவரோட பாட்டில் ஒரு வருஷம் நின்னுச்சு. அது என் வாக்கு."

"மாங் இசியோவோட பாட்டில நானே பாத்திருக்கேன். வேலைக்குச் சேந்த புதுசு. இதே அறைதான்." அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். சரி, புதுசா போடுங்க. பாட்டில என் அறைல வச்சுப் பூட்டிக்கறேன். மழைக்காலம் முடியட்டும், பாப்போம். அதுலயும் வளையம் வந்துச்சுன்னா அப்புறம் எனக்கு போன் பண்ணாதீங்க. வேற எந்தக் கம்பெனிக்கும் பண்ணாதீங்க. இந்தத் தொழில்ல நாங்க எல்லாரும் எல்லார்கிட்டயும் பேசிக்குவோம்."

கார் போனதும் அர்சிங் கத்தின கத்து பக்கத்துத் தென்னந்தோப்பு வரை கேட்டிருக்கும். பைத்தியம் என்றான், குடும்பத்துக்குப் பிடித்த சனி என்றான், வால்வு வாங்க உன் சங்கிலியைக் கொடு என்று அவள் கழுத்துச் சிலுவைச் சங்கிலியைக் காட்டினான். கத்தி முடித்து, வெண்ணெய் ரொட்டிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனான்.

மெர்லிண்டா பாட்டில்களை எடுத்துத் திறந்து, ஒவ்வொன்றாகச் சாக்கடைத் துளையில் கொட்டத் தொடங்கினாள். டொமெங் பின்னாலேயே வந்து நின்றான்.

"திட்டிரு மெர்லி. நாலு அறை வேணாலும் அறைஞ்சிரு."

"வளையம் வந்த அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதிருப்பேன். மறுநாள் அந்த வால்வத் தேடிப் போயிருப்பேன். நீ என்ன பண்ணின? ராத்திரி ராத்திரி நான் பேசறதக் கேட்டுத் தலையாட்டினியே. அந்தத் தல எப்படி ஆடுச்சு?"

"நீ சிரிச்சுட்டு இருந்த," என்றான் அவன். "அப்பா போனதுக்கப்புறம் நீ அப்படிச் சிரிச்சு நான் பாக்கல. அத நிறுத்த எனக்குத் தைரியம் வரல."

அவன் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனாலேயே இன்னும் அதிகமாக வலித்தது. அந்தச் சிரிப்பையும் அவன்தான் திருப்பித் திருப்பி நிறுத்தி வைத்திருக்கிறான்.

மேல் வரிசை காலியானது. கீழ் வரிசைக்கு உட்கார்ந்தபோது டொமெங் சட்டென்று கையை நீட்டினான்.

"அதக் கொட்டாத. அது நெசமான பாட்டில். கீழ் வரிசைய நான் தொட்டதே இல்ல."

"போதும் டொமெங்."

"சத்தியமா. என் இடுப்பால குனிய முடியுமா சொல்லு? அதுல வளையமும் வரல. தரை குளிர்ச்சிக்கு நிக்குதோன்னு நெனச்சேன். அதான் விட்டுட்டேன்."

அவன் இடுப்பு அவளுக்குத் தெரியாததா? செருப்புப் போடக்கூட அவள்தான் குனிய வேண்டும். ஒரே ஓட்டத்தில், தேய்ந்த வால்வில் போட்ட சரக்கே தொடாமல் நின்றிருக்கிறது என்றால்? அப்பாவின் செய்முறை அவ்வளவு கெட்டியா? கண்ணில் நீர் முட்ட டார்ச்சை எடுத்து அடித்தாள்.

கீழே வெயில் படவில்லை. முதல் பாட்டிலின் கழுத்தில், மூடிக்குச் சற்றுக் கீழே, வளையத்தை மட்டும் தேடிய மிசஸ் விலருவெல்லின் கண்ணுக்குத் தப்பிய ஆரஞ்சுத் துளி ஒன்று வழியாமல் நின்றது. அடுத்த பாட்டிலிலும். அதற்கடுத்ததிலும்.

"நான் இல்ல," என்றான் டொமெங். அவன் முகத்தில் இருந்தது நடிப்பில்லை.

இந்த அறையின் சாவி அவளிடம் ஒன்று, அவனிடம் ஒன்று. அர்சிங்கிடம் இல்லை. மூன்றாவது சாவி யாரிடம் என்று யோசிக்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அறை மூலையில் இருக்கும் குழந்தை ஏசுவுக்கு மெழுகுவத்தி ஏற்ற அம்மா காலையிலும் மாலையிலும் வருவாள். இன்று விடிந்ததும் ஒரு தரம் வந்தவள், விருந்தாளி போனதும் மத்தியானமே மறுபடி வந்திருக்கிறாள். குள்ளமான, சத்தமில்லாத அம்மா. அன்று ஈஸ்டர் விருந்தில் 'சரி' என்று ஒற்றைச் சொல் சொன்ன அதே அம்மா.

"சினிகாங் புளிக்குழம்பு ஆறிப்போகுது, ரெண்டு பேரும் சாப்பிட வாங்க," என்றாள் அம்மா.

"அம்மா, கீழ் வரிசைய..."

அம்மா எந்தக் கீழ் வரிசை என்று கேட்கவில்லை. மெழுகுவத்தியைப் பற்ற வைத்தாள். தீக்குச்சியை உதறி அணைத்தாள். கீழ் வரிசையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, ஒரு தரம் நிதானமாகக் கவிழ்த்து நிமிர்த்தி அதன் இடத்திலேயே வைத்தாள். பழகின கை.

"ஒனக்காகத்தான் செஞ்சேன்னு ரொம்ப உருகாத," என்றாள். "எனக்கு இது புதுசில்ல. ஒங்கப்பாவோட பாட்டிலையும் நான்தான் திருப்பி வச்சேன். பாவம், சாகற வரைக்கும் அவருக்குத் தெரியாது."

"ஒரு வருஷமுமா?"

"ஒரு வருஷமும்."

மெர்லிண்டா வாசலுக்கு ஓடிப்போய் சாலையைப் பார்த்தாள். கார் எப்போதோ போய்விட்டது. அப்பாவின் பெயரில் அவள் கொடுத்த வாக்கு மணிலாவுக்குப் போய்க்கொண்டிருந்தது.